உடுப்புக்கு வைத்த பெயர்

‘சைஸ்’ என்ற ஆங்கிலச் சொல் பிறந்த இடம் நீதிமன்றம். பழைய பிரெஞ்சு மொழியில் ‘அசீஸ்’ என்றால் அமர்வு. நீதிபதிகள் கூடி உட்கார்ந்து விதி வகுக்கும் அமர்வு. இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டில் ரொட்டிக்கும் பீருக்கும்கூட ஓர் அசீஸ் இருந்தது. ஒரு பென்னிக்கு விற்கும் ரொட்டி, கோதுமையின் அன்றைய விலைக்கு ஏற்ப என்ன எடை இருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. எடை குறைத்து விற்றால் தண்டனை. காலப்போக்கில் சொல்லின் முதலெழுத்து உதிர்ந்து ‘சைஸ்’ ஆயிற்று. அமர்வு என்ற பொருள் மறைந்து, அமர்வில் விதித்த அளவு என்ற பொருள் தங்கிவிட்டது. ஒரு பொருள் இயல்பாக எவ்வளவு இருக்கிறதோ அதைக் குறிக்கப் பிறந்த சொல் அல்ல இது. எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் சொன்னதைக் குறிக்கப் பிறந்தது.

‘பிளஸ்’ லத்தீன் சொல்; இன்னும் அதிகம் என்று பொருள். அதற்கு நாம் போடும் + குறி அச்சில் தோன்றியது 1489இல், லைப்சிக் நகரில் யொஹான்னஸ் விட்மன் வெளியிட்ட வணிகக் கணித நூலில். அங்கே அது ‘கூட்டு’ என்று கட்டளையிடும் குறியாக வரவில்லை. சரக்கின் எடை குறித்த அளவைத் தாண்டினால் +, குறைந்தால் −. மிகுதியையும் குறைவையும் பதிந்து வைக்க வியாபாரிகளுக்கு உதவிய இரட்டைக் குறிகள் அவை. இரண்டும் உடன்பிறந்தவை என்பதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதில் ஒன்று என்ன ஆனது என்பது பின்னால் வரும்.

விதித்த அளவு என்ற நீதிமன்றச் சொல்லும், அளவை மீறிய சரக்கு என்ற வியாபாரச் சொல்லும் சேர்ந்து ‘பிளஸ் சைஸ்’ ஆயின. இன்று அது பெண்களின் பெயருக்கு முன்னால் நிற்கிறது: பிளஸ் சைஸ் மாடல், பிளஸ் சைஸ் நடிகை, பிளஸ் சைஸ் அழகி. 2023 நவம்பரில் மிஸ் யூனிவர்ஸ் மேடையேறிய நேபாளப் பெண்ணை உலகச் செய்திகள் அறிமுகம் செய்ததும் இந்த அடைமொழியோடுதான். பெண்ணுக்கு என்று யாரும் இந்தப் பெயரை வைக்கவில்லை. ஓர் உடுப்புக்கு வைத்தார்கள். உடுப்பிலிருந்து உடம்புக்கு அது இடம் மாறிய வழியைத் தேடிப் போனால், நியூயார்க்கில் ஒரு தையற்காரப் பெண்ணிடம் போய்ச் சேர்கிறோம்.

லீனா ஹிம்மல்ஸ்டீன் லித்துவேனியாவில் பிறந்த யூதப் பெண். 1895இல், 16 வயதில், அமெரிக்கா வந்து உள்ளாடை தைக்கும் பட்டறையில் வாரம் ஒரு டாலர் கூலிக்குச் சேர்ந்தார். டேவிட் பிரையன்ட் என்ற நகை வியாபாரியை மணந்தார். மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே கணவர் இறந்துபோனார். அவர் வாங்கித் தந்திருந்த வைரத்தோட்டை அடகு வைத்து லீனா ஒரு தையல் மெஷின் வாங்கினார். 1904இல் ஃபிஃப்த் அவென்யூவில் சின்னதாக ஒரு கடை. வங்கிக் கணக்கு தொடங்கும் படிவத்தில் எழுத்துகள் இடம் மாறி ‘லீனா’ என்பது ‘லேன்’ என்று பதிவாகிவிட்டது. அவர் அதைத் திருத்தப் போகவில்லை. லேன் பிரையன்ட் என்ற அந்தப் பிழைப் பெயரே கடையின் பெயராகி, அமெரிக்க ஆடை வணிகத்தில் நூறாண்டுக்கு மேல் நீடித்திருக்கிறது.

முதலில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கர்ப்பிணி உடை. வயிறு தெரிய வெளியே போவது அநாகரிகம் என்று கருதப்பட்ட காலம் அது. பிள்ளைத்தாய்ச்சியான வாடிக்கையாளர் ஒருவர், நாலு பேர் முன்னால் உடுத்திக்கொள்ளும்படியும் இருக்க வேண்டும், இறுக்கவும் கூடாது என்று கேட்க, இடுப்பில் எலாஸ்டிக் வைத்து, கீழே மடிப்புகள் விட்டு லீனா ஒரு கவுன் தைத்தார். இந்த உடைக்கு விளம்பரம் போட நியூயார்க் பத்திரிகைகள் மறுத்தன. 1911இல் நியூயார்க் ஹெரால்ட் இறங்கி வந்தது. விளம்பரம் வந்த மறுநாளே கடையில் இருந்த அத்தனை உடையும் விற்றுத் தீர்ந்தது. பேசக்கூடாத உடல் என்று சமூகம் ஒதுக்கி வைத்த உடலுக்கும் உடுத்த வேண்டியிருக்கிறது என்பதை அந்த ஒரு நாள் வியாபாரம் காட்டிவிட்டது. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இதுதான் வித்து.

லீனாவின் இரண்டாவது கணவர் ஆல்பர்ட் மால்சின் ஒரு பொறியாளர். கடைக்கு வரும் பெண்களில் பலருக்கு, கர்ப்பமாக இல்லாதபோதும், ஆயத்த ஆடை எதுவும் பொருந்தவில்லை என்பதை இருவரும் கவனித்தார்கள். மால்சின் சுமார் 4,500 வாடிக்கையாளர்களை அளந்தார். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பதிவாகியிருந்த சுமார் 2,00,000 பெண்களின் அளவுகளையும் வாங்கிச் சேர்த்தார். அந்தக் காலத்து ஆடை வணிகத்தில் ‘பெர்ஃபெக்ட் தர்ட்டி சிக்ஸ்’ என்று ஒரு வழக்கு உண்டு. மார்பளவு 36 அங்குலம் இருப்பவள் நிறைவான பெண். அளந்து பார்த்ததில், பெண்களில் மிகப் பெரும் பகுதியினர் அந்த நிறைவுக்கு வெளியே இருந்தார்கள். எல்லாப் பருமனும் ஒரே மாதிரியும் இல்லை. சிலருக்கு மார்பு கனம், சிலருக்கு இடுப்பு, சிலருக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே சீர். வகை பிரித்து, வகைக்கு ஒரு வெட்டு என்று கடை தைக்கத் தொடங்கியது. 1923 வாக்கில் பருமனான பெண்களுக்கான உடைகளின் விற்பனை கர்ப்பிணி உடைகளின் விற்பனையைத் தாண்டிவிட்டது.

அன்று அந்த உடைகளுக்குப் போட்ட தலைப்பு ‘ஸ்டௌட்’. இந்தச் சொல்லை நான் சும்மா கடந்துபோக மாட்டேன். பழைய பிரெஞ்சில் ‘எஸ்தூ’ என்றால் வீரமான, செருக்கான. பெருமிதத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ‘ஷ்டோல்ட்ஸ்’ இதற்கு உறவு. ஆங்கிலத்திலும் நெடுங்காலம் அஞ்சாதவனும் உறுதியானவனும்தான் ஸ்டௌட். உறுதியான உடம்பு என்ற வழியாக நகர்ந்து, 1800ஐ ஒட்டித்தான் பருமனான உடம்பு என்ற பொருள் அதில் ஏறியது. இத்தாலியக் கடைகளில் பெரிய அளவு உடைகளுக்கு இன்றும் ‘தாலியே ஃபோர்த்தி’ என்பதே பெயர். வலுவான அளவுகள் என்று அர்த்தம். ஆக, பருமனை வலிமையோடு சேர்த்துப் பார்த்த காலமும் மொழியும் இருந்திருக்கின்றன. மிகுதி, மீறல் என்ற கணக்கு பின்னால் வந்தது.

வந்த ஆண்டு 1922 என்று சொல்லலாம். அந்த ஆண்டு லேன் பிரையன்ட் விளம்பரத்தில் ‘மிஸ்ஸஸ் பிளஸ் சைஸஸ்’ என்ற தொடர் வருகிறது. இதில் ‘மிஸ்ஸஸ்’ என்பது திருமணமான அம்மையாரைக் குறிப்பதல்ல; மிஸ் என்பதன் பன்மை, குமரிகள். அமெரிக்க ஆடைக் கடைகளில் அது ஒரு பிரிவின் பெயர். இளம்பெண்களுக்கான அந்தப் பிரிவில் 14, 16, 18 என்று போட்ட எண்கள் தொடக்கத்தில் வயதைக் குறித்தவை. 16 வயதுப் பெண்ணுக்கு இந்த உடை பொருந்தும் என்று அர்த்தம். எண்ணிலிருந்து வயது கழன்றுபோய் எண் மட்டும் நின்றது. ‘மிஸ்ஸஸ் பிளஸ்’ என்றால், குமரிகள் பிரிவின் எண் வரிசை முடிந்த இடத்துக்கு அப்பால் நீளும் உடைகள். வரிசை நீள்கிறது என்பதற்கு மேல் அந்தப் பிளஸ்ஸுக்கு வேறு பொருள் இல்லை. பெண்ணைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

இதற்கு ஓராண்டு முன்பு, 1921 செப்டம்பரில், அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் இன்னொரு ‘மிஸ்’ பிறந்திருந்தாள். கோடை முடிந்ததும் ஊரைக் காலி செய்யும் சுற்றுலாப் பயணிகளை இன்னும் சில நாள் பிடித்து வைக்க விடுதிக்காரர்களும் வணிகர்களும் நடத்திய விழாவில் ஓர் அழகுப் போட்டி. வாஷிங்டனிலிருந்து வந்த 16 வயது மார்கரெட் கோர்மன் வென்றார். மறு ஆண்டு அவரை அழைக்க ஒரு பட்டம் தேவைப்பட்டபோது ‘மிஸ் அமெரிக்கா’ என்றார்கள். உயரம் 5 அடி 1 அங்குலம், எடை 108 பவுண்டு, அளவு 30-25-32 என்று அவர் வரலாற்றில் நிற்கிறார். என்ன படித்தார், என்னவாக விரும்பினார் என்பதைவிட இந்த எண்களைத்தான் எல்லா நூல்களும் தவறாமல் தருகின்றன. ஒரே நாட்டில், அடுத்தடுத்த ஆண்டுகளில், ஒரே ‘மிஸ்’ என்ற சொல்லை வைத்து, கடை ஒரு வரிசையை நீட்டியது. மேடை ஒரு வரிசையை முடித்து வைத்தது.

நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் இருந்தது, இன்னும் இருக்கிறது. புடவைக்கு எண் கிடையாது. ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனால் தையற்காரர் கேட்கும் முதல் கேள்வி, “அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களாம்மா?” நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றை வைத்துப் புதியதை வெட்டுவார். அங்கே அளவு என்பது அந்தப் பெண்ணுடையது. துணி அதற்கு இணங்கிப் போகிறது. உடம்பு பெருத்தால் தையலைப் பிரித்துவிடப் பக்கத்தில் துணி மடித்து வைத்திருக்கும். ஆயத்த ஆடை வந்த பிறகு, அளவு கடையுடையதாகிவிட்டது. துணி பொருந்தவில்லை என்றால் குறை துணியில் இல்லை என்று நினைக்கப் பழகிவிட்டோம். ட்ரையல் ரூமிலிருந்து முகம் சிறுத்து வெளியே வரும் பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அளவு ஜாக்கெட் நினைவு வரும்.

அந்த அளவை நிர்ணயித்தது யார் என்ற கேள்விக்கு அமெரிக்காவில் திட்டமான பதில் இருக்கிறது. 1939-40இல் அமெரிக்க வேளாண் துறையின் சார்பில் ரூத் ஓ’பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 இடங்களில் அளந்தார்கள். அளக்க வந்தவர்களுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள். கணக்கில் எடுத்துக்கொண்டது வெள்ளையினப் பெண்களை மட்டுமே. கறுப்பினப் பெண்ணின் தோளும் இடுப்பும் நாட்டின் சராசரிக்குள் வரவே இல்லை. இந்தத் தரவை அடிப்படையாக வைத்து 1958இல் அரசு ஓர் ஆடை அளவுத் தரத்தை வெளியிட்டது.

அந்தத் தரத்தில் ஒரு பெண்ணின் அளவு மூன்று உறுப்புகளாக எழுதப்பட்டது. மார்புக்கு 8 முதல் 38 வரை இரட்டை எண். உயரத்துக்கு நெட்டை, நடுத்தரம், குட்டை என்று குறிக்கும் ஓர் எழுத்து. இடுப்புக்குக் கீழுள்ள சுற்றளவுக்கு ஒரு குறி: கூடுதலாக இருந்தால் +, குறைவாக இருந்தால் −, நடுவாக இருந்தால் குறி எதுவும் வேண்டாம்.

விட்மனின் இரட்டைக் குறிகள் 469 ஆண்டுகள் கழித்து ஆடைக்கு வந்துவிட்டன, இரண்டும் சேர்ந்தே. அந்தத் தரத்தின்படி ஒல்லியான இடுப்பு ‘மைனஸ்’. அதுவும் நடுவிலிருந்து விலகியதுதான். பருத்த இடுப்பு எந்த அளவுக்கு விலகலோ அந்த அளவுக்கே அதுவும் விலகல். 1983இல் அரசு அந்தத் தரத்தை விலக்கிக்கொண்டது. கடைகள் அதற்கு முன்பே அவரவர் இஷ்டத்துக்கு எண் போடத் தொடங்கியிருந்தன. மைனஸ் குறியை எல்லோரும் மறந்துபோனார்கள். ‘மைனஸ் சைஸ் மாடல்’ என்று யாரையும் இன்று அழைப்பதில்லை. ‘மைனஸ் சைஸ் அழகி’ என்று ஒரு செய்தித் தலைப்பு வந்ததில்லை. ஆடைத் தொழிலில் மற்ற அளவுகளுக்கு ‘ஸ்ட்ரெய்ட் சைஸ்’ என்று பெயர், நேர் அளவு. இணையாகப் பிறந்த இரண்டு குறிகளில் ஒன்றை அழித்துவிட்டு, மற்றொன்றை மட்டும் ஒரு கூட்டத்தின் நெற்றியில் நிறுத்தியிருக்கிறோம். இந்தப் பெயரில் எனக்கு ஒப்பாத இடம் இதுதான். பிளஸ் என்ற சொல் ஏசவில்லை. நடு எது என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது, அதுவும் பொய்யாகச் சொல்கிறது.

பொய் என்று ஏன் சொல்கிறேன்? நடு அங்கேயே நிற்கவில்லை. 1937ஆம் ஆண்டு சியர்ஸ் விற்பனைப் பட்டியலில் 32 அங்குல மார்பளவு உடைக்கு எண் 14. 1967இல் அதே 32 அங்குலத்துக்கு எண் 8. 2011இல் பூஜ்யம். சின்ன எண்ணைப் பார்த்தால் வாங்குகிறவர் மனம் குளிரும் என்று கடைகள் எண்ணை இறக்கிக்கொண்டே வந்தன. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கப் பெண்ணின் சராசரி உடை எண் 16க்கும் 18க்கும் இடையில் இருப்பதாகச் சொன்னது. அங்கே பிளஸ் பிரிவு பெரும்பாலும் 14 அல்லது 16இல் தொடங்கிவிடுகிறது. அதாவது சராசரிப் பெண்ணே பிளஸ். அவளைவிடச் சிறியவள் நேர்.

இங்கே தையல் தெரிந்தவர்கள் ஒரு நியாயத்தை எடுத்து வைப்பார்கள். அதையும் கேட்கத்தான் வேண்டும். ஒரு வடிவமைப்பாளர் புதிய உடையை முதலில் ஒரே ஓர் அளவில்தான் வெட்டிப் பார்க்கிறார், அதுதான் சாம்பிள். பிறகு அந்த வெட்டுத்தாளை ஒவ்வோர் அளவுக்கும் இத்தனை அங்குலம் என்று கூட்டியும் குறைத்தும் மற்ற அளவுகளை எடுக்கிறார்கள். சில படிகள் வரை இது சரியாக வரும். அதற்கு மேல் போனால் உடல் அப்படிச் சீராகப் பெருப்பதில்லை. இடுப்பு கூடிய அதே விகிதத்தில் தோள் அகலமாகாது, கழுத்து நீளாது. கைத்துளை மட்டும் தேவைக்கு மேல் தொங்கிப்போகும். மார்புக்கு வேறு இடத்தில் டார்ட் பிடிக்க வேண்டும். ஆகவே பெரிய அளவுகளுக்குத் தனி வெட்டுத்தாள், அணிந்து பார்க்கத் தனி ஆள், தனிச் செலவு. ‘பிளஸ்’ என்பது பட்டறையில் இந்தத் தனி வெட்டின் பெயர். மால்சின் நூறாண்டுக்கு முன்பு கண்டதும் இதையேதான். பட்டறைக்குள் இந்தச் சொல் நேர்மையாக உழைக்கிறது. கடையில் பலகையாக நின்று, தேடி வருகிறவரைச் சரியான அடுக்குக்கு அழைத்துப் போகிறது. அந்த வேலையில் அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் 1950களின் செய்தித்தாள் விளம்பரங்களிலேயே அந்தச் சொல் உடையை விட்டுப் பெண்ணின் மேல் ஏறத் தொடங்கிவிட்டது. ‘பிளஸ் அளவு உடை’ என்று இருந்தது ‘பிளஸ் அளவுப் பெண்’ ஆயிற்று. 1970களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் மேரி டஃபி ‘பிக் பியூட்டீஸ் லிட்டில் விமன்’ என்ற மாடலிங் ஏஜென்சியை நடத்தினார். 1979இல் கரோல் ஷா தொடங்கிய பத்திரிகைக்கு ‘பிக் பியூட்டிஃபுல் வுமன்’ என்று பெயர். இந்தப் பெயர்களில் ‘பெரிய’ என்பதும் ‘அழகு’ என்பதும் பக்கத்துப் பக்கத்தில் தைரியமாக நின்றன. ஆனால் ஏஜென்சிகளில் பிரிவுகள் பிரிந்து, தொழில் வளர்ந்தபோது நிலைத்தது ‘பிளஸ் சைஸ் மாடல்’ என்ற பெயர். மாடல் என்ற சொல்லின் வேரைத் தொட்டால் இன்னொரு செய்தி கிடைக்கிறது. லத்தீனில் ‘மோதுஸ்’ என்றால் அளவு. அதன் குறுஞ்சொல் ‘மோதுலுஸ்’, சிற்றளவு. அதிலிருந்து இத்தாலிய ‘மொதெல்லோ’, பிறகு மாடல். பெயரிலேயே சிற்றளவாக இருப்பவளுக்கு முன்னால் பிளஸ் வந்து சேர்ந்தது.

அந்தத் தொழிலுக்குள்ளும் பெயரும் பொருளும் ஒட்டவில்லை. கடையில் பிளஸ் 14இல் தொடங்க, ஏஜென்சிகள் 8, 10 அளவுள்ள பெண்களையே பிளஸ் மாடல் என்று பதிந்துகொண்டன. 18ஆம் எண் உடைக்கு விளம்பரம் எடுக்கும்போது உள்ளே பஞ்சுப் பட்டை வைத்து இடுப்பையும் மார்பையும் நிரப்புவது சாதாரணமாக நடந்தது. கழுத்தும் முகவாயும் ஒல்லியாக, உடம்பு மட்டும் நிறைவாகத் தெரியும் படம். அதைப் பார்த்து வாங்குகிற பெண்ணுக்கு அந்த உடலும் எட்டாத உடல்தான்.

2015இல் ஆஸ்திரேலிய மாடல் ஸ்டெஃபானியா ஃபெராரியோவும் தொலைக்காட்சித் தொகுப்பாளர் அஜய் ராச்செஸ்டரும் ‘பிளஸ்ஸைக் கைவிடுங்கள்’ என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். தான் ஒரு மாடல், அதோடு சொல் முடிந்தது என்பது ஃபெராரியோவின் வாதம். அதே ஆண்டு அமெரிக்க மாடல் ஆஷ்லி கிரஹாம் ஆற்றிய டெட்எக்ஸ் உரைக்கு வைத்த தலைப்பு, இது பிளஸ் சைஸ் இல்லை, என் சைஸ் என்ற பொருளில் இருந்தது. மறு ஆண்டு ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் நீச்சலுடைச் சிறப்பிதழின் மூன்று அட்டைகளில் ஒன்றில் அவர் வந்தார். இந்த இயக்கத்துக்கு மறுப்பும் எழுந்தது. 8ஆம் எண் உடுத்துகிற மாடல் அந்தச் சொல்லை உதறிவிட்டுப் போகலாம். 24 உடுத்துகிற பெண் கடையில் எதைச் சொல்லித் தேடுவாள்? தன்னைப் போன்றவர்களை எந்தப் பெயரில் கண்டுபிடிப்பாள்? இது கனமான மறுப்பு. ஒதுக்கப்பட்டவர்கள் ஒதுக்கிய சொல்லையே கையில் எடுத்துக்கொண்டு ஒன்றுசேர்ந்த வரலாறு உலகெங்கும் உண்டு.

ஆனால் அழகுப் போட்டியின் மேடையில் இந்தக் கேள்வி வேறு மாதிரி எழுகிறது. அங்கே யாரும் உடை தேடி வரவில்லை.

மிஸ் யூனிவர்ஸ் போட்டி எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1950 செப்டம்பரில் மிஸ் அமெரிக்காவாக முடிசூட்டப்பட்டவர் அலபாமாவின் யோலண்ட் பெட்பீஸ். பாட்டுக் கற்றவர். வென்ற பிறகு நீச்சலுடையில் போஸ் கொடுத்துக்கொண்டு ஊர் சுற்ற மாட்டேன் என்று மறுத்துவிட்டார். போட்டிக்குப் பணம் கொடுத்துவந்த கேட்டலினா நீச்சலுடை நிறுவனம் கோபித்துக்கொண்டு விலகி, 1952இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் தன் சொந்தப் போட்டியைத் தொடங்கியது. அதுதான் மிஸ் யூனிவர்ஸ். முதல் பட்டம் ஃபின்லாந்தின் ஆர்மி கூசேலாவுக்கு. அதற்கு முந்தின ஆண்டு லண்டனில் எரிக் மார்லி நடத்திய பிகினிப் போட்டிக்கு ‘மிஸ் வேர்ல்ட்’ என்று பெயர் கொடுத்தவை பத்திரிகைகள். பிரபஞ்சம், உலகம் என்று பெரிய பெயர்களைச் சூடியிருந்தாலும் இரண்டுக்கும் தொட்டில் நீச்சலுடைதான். கிரீடமும் பிளஸ்ஸும் ஒரே துணிக்கடையில் பிறந்தவை.

பிறப்பு இறப்புப் பதிவேட்டுச் சொல்லான ‘வைட்டல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ அழகுப் போட்டி மேடைகளில் பெண்ணின் மார்பு, இடை, இடுப்பு அளவுக்குப் பெயராகப் புழங்கியது. ஒரு நாட்டின் பிறப்பையும் இறப்பையும் எண்ணும் சொல், நம் ஊர் சினிமாப் பத்திரிகைகள் வரைக்கும் 36-24-36 என்ற பொருளில் வந்து சேர்ந்தது. 1996இல் மிஸ் யூனிவர்ஸ் வென்ற வெனிசுவேலாவின் அலீசியா மச்சாடோவுக்கு அப்போது 19 வயது. வென்ற பின் எடை கூடியது. போட்டியின் புதிய உரிமையாளரான டொனால்ட் டிரம்ப் 1997 ஜனவரியில் அவரை நியூயார்க்கில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரவழைத்து, அவர் கயிறு குதிப்பதைப் படமெடுக்கப் பத்திரிகையாளர்களைக் கூட்டி நிறுத்தினார். உணவுக் கோளாறுகளால் தான் பட்ட பாட்டை மச்சாடோ பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். சொல்லாராய்ச்சியில் இதைச் சேர்க்கக் காரணம் உண்டு. அன்று மச்சாடோவை யாரும் ‘பிளஸ் சைஸ்’ என்று சொல்லவில்லை. அந்த நாகரிகச் சொல் விளம்பரத்தில்தான் இருந்தது; மேடையில் பழைய வசைச் சொற்களே புழங்கின. அந்த வகையில் பார்த்தால் பிளஸ் சைஸ் ஒரு முன்னேற்றம். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

2017 ஜனவரியில் மணிலாவில் நடந்த மிஸ் யூனிவர்ஸில் கனடாவின் சியரா பேர்ச்செல், உடல் பெருத்துவிட்டது என்ற ஏச்சுகளுக்கு இடையில் கடைசி 9 பேருக்குள் வந்தார். அதே நிகழ்ச்சியில் மேடைக்குப் பின்புறம் போட்டியாளர்களைப் பேட்டி கண்டவர் ஆஷ்லி கிரஹாம். பருமனான மாடலுக்கு மேடையின் பின்புறம்வரை வழி திறந்திருந்தது. முன்புறம் திறக்க இன்னும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

2023 நவம்பர் 18, எல் சால்வடாரின் தலைநகர் சான் சால்வடார். மணமானவர்களும் தாய்மார்களும் போட்டியிடலாம் என்று விதி மாறிய பின் நடந்த முதல் போட்டி. கொலம்பியாவின் கமிலா அவெய்யா ஒரு குழந்தையின் தாய். போர்ச்சுகல், நெதர்லாந்து இரண்டும் திருநங்கைகளை அனுப்பியிருந்தன. நேபாளத்தின் சார்பில் வந்தவர் 22 வயது ஜேன் தீபிகா காரெட். செவிலியர் படிப்பு படித்தவர். ஹார்மோன் கோளாறால் உடல் எடை கூடியதையும், அதோடு வந்த மனச்சோர்வையும், பிசிஓஎஸ் என்று இன்று நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் பலரும் வாயில் சொல்லப் பழகிய அந்தப் பிரச்சினையையும் அவர் ஒளிக்காமல் பேசினார். நீச்சலுடைச் சுற்றில் அவர் நடந்து வந்தபோது அரங்கம் ஆர்ப்பரித்தது. முதல் 20 பேருக்குள் தேர்வானார். அவர் தோளில் குறுக்காகத் தொங்கிய பட்டையில் இருந்தது ‘நேபாள்’ என்ற ஒரே சொல். மறுநாள் செய்திகளில் அதற்கு முன்னால் ‘முதல் பிளஸ் சைஸ்’ என்று சேர்ந்துகொண்டது.

‘முதல்’ என்பது அவசியமான செய்திதான். 70 ஆண்டுகளுக்கு மேலாக அந்த மேடை யாரை ஏற்றவில்லை என்பது அதில் தெரிகிறது. ஆனால் அந்தச் செய்தி மேடையைப் பற்றியது. அதை எடுத்துப் பெண்ணின் மேல் ஒட்டும்போது, விலக்கி வைத்தவர்கள் பேரில் இருக்க வேண்டிய அடைமொழி விலக்கப்பட்டவள் பேரில் போய்விடுகிறது.

2024 மே மாதம் அலபாமாவில் சாரா மில்லிகன் ஒரு பட்டம் வென்றார். ‘நேஷனல் அமெரிக்கன் மிஸ்’ என்பது அந்தப் போட்டி. ஆனால் செய்தி பரவிய வேகத்தில், பெட்பீஸ் வென்று போன பழைய ‘மிஸ் அலபாமா’ பட்டம்தான் இது என்று பெயரைக் குழப்பிக்கொண்டு, அந்தப் பட்டத்தின் மானம் போய்விட்டதாக ஆயிரக்கணக்கானோர் அவர் உடம்பை ஏசினார்கள். எந்தப் போட்டி என்று படித்துப் பார்க்காதவர்கள், எத்தனை கிலோ என்று மட்டும் கண்ணாலேயே எடை போட்டார்கள். மில்லிகன் ஒளிந்துகொள்ளவில்லை. திரையில் தட்டுகிற சொல் மறுபுறம் ஒரு மனிதரைப் போய்ச் சேர்கிறது என்று நிதானமாகப் பதில் சொன்னார்.

மற்ற மொழிகள் வேறு வேறு பெயர்களை முயன்று பார்த்திருக்கின்றன. பிரிட்டனில் ‘அவுட்சைஸ்’ என்றார்கள், அளவுக்கு வெளியே. ஜப்பானில் ‘மார்ஷ்மெல்லோ பெண்’ என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 2019இல் உகாண்டாவின் சுற்றுலாத் துறை இணையமைச்சர் ‘மிஸ் கர்வி’ என்ற போட்டியை அறிமுகம் செய்து, பெண்களின் உடலைச் சுற்றுலாக் கவர்ச்சியாகப் பேச, நாட்டுப் பெண்கள் கொதித்தெழுந்தார்கள். பெயர் இனிப்பாக இருந்தால் மட்டும் மரியாதை வந்துவிடாது என்று அவர்கள் சொன்னது சரி. இந்தியாவில் ‘ஆல்’ என்று ஒரு கடைத்தொடர் வந்தது. ‘கொஞ்சம் பெரிய’ என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை, சேர்த்துப் படித்தால் ‘எல்லோரும்’. இந்தப் பெயர்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

தமிழில் நமக்குச் சொல் பஞ்சம் இல்லை. ‘குண்டு’ என்பது திரண்டு உருண்டது. குண்டுமல்லியில் அது பெருமை. அதையே ஒரு பெண்ணுக்குச் சொன்னால் ஏச்சு. பெண் பார்த்துவிட்டு வந்த பெரியம்மா ‘பூசினாப்பல இருக்கா’ என்று சொல்வதில் ஒரு நிறைவு உண்டு. சதை ஒரு குறையாக அதில் தொனிக்காது. பருமன் என்ற சொல் எந்தப் பக்கமும் சாயாதது, மரத்துக்கும் மனிதருக்கும் பொது. இப்படிச் சொற்கள் இருக்க, ‘பிளஸ் சைஸ்’ நம் கடைப் பலகைகளுக்கும் ஆன்லைன் ஷாப்பிங்குக்கும் வந்துவிட்டது. துணிக்கடையில் அது இருக்கட்டும். ட்ரிபிள் எக்ஸ்எல் தேடுகிற பெண் மூன்று மாடி ஏறி இறங்காமல் நேராகத் தன் அடுக்குக்குப் போக அது உதவும். லீனா பிரையன்ட் திறந்து வைத்த வாசல் அது.

பத்திரிகையில் எழுதுகிறவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பெண் அந்த மேடையில் ஏறினால், தலைப்பில் அவர் பெயரையும் நாட்டையும் எழுதுங்கள். உடல்வாகு செய்தியாக இருந்தால், இத்தனை ஆண்டுகளாக அந்தப் போட்டி எப்படிப்பட்ட உடலைத் தேர்ந்தெடுத்தது, ஏன் தேர்ந்தெடுத்தது, நீச்சலுடை நிறுவனத்துக்கு அதில் என்ன பங்கு என்று இரண்டாவது பத்தியில் விரிவாகவே எழுதுங்கள், இடம் இருக்கிறது. பிளஸ் சைஸ் என்று எழுத வேண்டியே வந்தால் அதை அவர் அணிந்த உடைக்கு முன்னால் எழுதுங்கள்.